ஸ்டேஷனுக்குப் புகாரோடு போகிறவர்களுக்கு: வரிசை மாறாமல் செய்ய வேண்டியவை

ஸ்டேஷன் வாசல்வரை வந்து, பாரா நிற்கும் போலீஸ்காரர் "என்ன?" என்று கேட்டதும் எதிர் டீக்கடைக்குத் திரும்பிவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் பகுதியில் பல வருடமாக மனு எழுதிக் கொடுக்கிறேன், கூடவும் போகிறேன். போலீஸ் மேல் நம்பிக்கை இல்லை என்று சொல்கிறவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. அதற்கு அவர்களிடம் காரணம் இருக்கிறது. ஆனால் அந்த நம்பிக்கையின்மை அவர்களை இரண்டில் ஒன்றைச் செய்ய வைக்கிறது: ஒன்று, பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இல்லையென்றால், "தெரிந்தவர்" ஒருவரைப் பிடித்து வாயாலேயே எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்கிறார்கள். இரண்டிலும் கையில் ஒரு தாள்கூட மிஞ்சாது.

ஸ்டேஷனில் வாய்ப்பேச்சுக்கு ஆயுள் குறைவு. ஷிப்டு மாறும், இன்ஸ்பெக்டர் டிரான்ஸ்பரில் போவார். அதனால் ஒவ்வொரு படியிலும் ஒரு தாளை வாங்கிக்கொண்டுதான் அடுத்த படிக்குப் போக வேண்டும். கீழே உள்ளது தமிழ்நாட்டு நடைமுறை.

1. ஸ்டேஷனுக்கு முன்பே போக வேண்டிய இடங்கள்

அடிதடி என்றால் முதலில் அரசு மருத்துவமனை. அங்கே விபத்துப் பதிவேட்டில் பதிவு போடுவார்கள். பேச்சில் அதை ஏ.ஆர். என்பார்கள். அந்தப் பதிவு போலீசுக்குத் தகவலாகவும் போகும். காயம் ஆறிப்போன பிறகு புகார் கொடுத்தால் "அடிச்சதுக்கு என்ன ஆதாரம்?" என்ற கேள்விதான் வரும்.

இங்கே ஒரு பெரிய தவறு நடக்கிறது. "யார் அடிச்சாங்க, எத்தனை பேர், எதால?" என்று டாக்டர் கேட்பார். சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வார். பதற்றத்தில் "ஒரு நாலஞ்சு பேர்" என்று சொல்லிவிட்டு, ஸ்டேஷனில் மூன்று பேரின் பெயரை எழுதிக் கொடுத்தால், பின்னால் எதிர்த் தரப்பு வக்கீல் அந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். இன்னும் மோசம், போலீஸ் கேஸ் என்றால் சிகிச்சை தாமதமாகும் என்று பயந்து "கீழே விழுந்துட்டார்" என்று சொல்வது. அதைப் பிறகு சரிசெய்வது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

ஆன்லைனில் பணம் போயிருந்தால் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்த வாய்ப்பு அந்த முதல் சில மணி நேரத்தில்தான். ஸ்டேஷனுக்கு அப்புறம் போகலாம்.

வெறுமனே தொலைந்துபோன ஆர்.சி. புக், சான்றிதழ், பாஸ்போர்ட் என்றால் ஸ்டேஷனுக்கே போக வேண்டாம். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைத் தளத்தில் தொலைந்த ஆவணங்களுக்கான அறிக்கையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

2. புகாரை வீட்டிலேயே எழுதுங்கள்

வாயால் சொன்னாலும் அவர்கள் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் நடைமுறையில், ரைட்டர் மேஜையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதினால் அது அவருடைய புகாராகிவிடும். கத்தி "ஆயுதம்" ஆகும், மிரட்டல் "வாய்த்தகராறு" ஆகும். எழுதிக்கொண்டு போனால் மாற்றச் சொல்வார்கள்தான். ஆனால் எதை மாற்றச் சொல்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

அனுப்புநர், பெறுநர் (காவல் ஆய்வாளர் அவர்கள், ஸ்டேஷன் பெயர்), பொருள், "ஐயா", அப்புறம் விஷயம். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள். தேதி, நேரம், இடம், யார், என்ன செய்தார், என்ன சொன்னார், யார் பார்த்தார்கள். ஒரு பக்கம் போதும், மிஞ்சினால் ஒன்றரை.

"சில சமூக விரோதிகள் என் வாழ்வாதாரத்தைப் பறித்துவிட்டனர்" என்று ஒருவர் எழுதி வந்தார். படித்தால் கோபம் வருகிறது, என்ன நடந்தது என்று மட்டும் தெரியவில்லை. அதை இப்படி மாற்றினோம்: "12ஆம் தேதி இரவு சுமார் 8.30 மணிக்குப் பழைய பேருந்து நிலையத்தின் தெற்கு வாசலில் என் தள்ளுவண்டியை இருவர் கவிழ்த்தனர். ஒருவர் பக்கத்துக் கடையில் வேலை செய்பவர், பெயர் தெரியும். மற்றவரைப் பார்த்தால் அடையாளம் காட்டுவேன். கல்லாவில் இருந்த 3,400 ரூபாயை எடுத்துச் சென்றனர்." இதில் அழுகை இல்லை. ஆனால் இதைப் படிக்கும் எஸ்.ஐ.யால் இது என்ன பிரிவில் வரும் என்று சொல்ல முடியும்.

கவனிக்க வேண்டியவை மூன்று. சம்பவம் நடந்து நாள் ஆகியிருந்தால் ஏன் தாமதம் என்று ஒரு வரி எழுதுங்கள், ஏனென்றால் நீதிமன்றத்தில் அதுதான் முதல் கேள்வியாக வரும். இரண்டாவது, கூட்டிச் சொல்லாதீர்கள். 3,400 போனால் 3,400 தான். ஒரு பொய் கண்டுபிடிக்கப்பட்டால் மீதி உண்மையும் சேர்ந்து போகும். மூன்றாவது, கடைசி வரியில் "உரிய நடவடிக்கை எடுக்கவும்" என்று மட்டும் முடிக்காதீர்கள். கூப்பிட்டு எச்சரித்து அனுப்பினால்கூட அது நடவடிக்கைதான் என்று சொல்லிவிடலாம். "வழக்குப் பதிவு செய்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதுங்கள்.

சட்டப் பிரிவு எண் எழுதத் தேவையில்லை, அது போலீஸ் வேலை. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய மாதிரி மனுவைப் பார்த்துக் காப்பியடிக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி.யும் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.யும் போய், பாரதிய நியாய சன்ஹிதாவும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் (பி.என்.எஸ்.எஸ்.) வந்துவிட்டன. எண்கள் எல்லாம் மாறிவிட்டன. புகாரைப் பதிவு செய்யும் பிரிவு முன்பு 154, இப்போது 173. கீழே வரும் பிரிவு எண்கள் எல்லாம் பி.என்.எஸ்.எஸ்.-இல் உள்ளவை.

மூன்று பிரதி எடுங்கள். போன் திருட்டு என்றால் ஐ.எம்.இ.ஐ. எண் (பெட்டியின் மேல் இருக்கும்), வண்டி என்றால் ஆர்.சி. நகல். எதிலும் அசலைக் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் மட்டும்.

3. கூட யார் வர வேண்டும்

ஒருவர். நிதானமானவர். முடிந்தால் சம்பவத்தில் சம்பந்தமில்லாதவர். பத்துப் பேரோடு போனால் வாசலிலேயே "கும்பல் கூட்டாதீங்க" என்று பேச்சு திசைமாறிவிடும். கட்சிக்காரரோடு போனால் அவர் பேசுவார், நீங்கள் நிற்பீர்கள். மறுநாள் எதிர்த் தரப்பு இன்னும் பெரிய கட்சிக்காரரோடு வரும்.

பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகார் என்றால் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம். போக முடியாத நிலையில் சாதாரண ஸ்டேஷனிலேயே கொடுக்கலாம்.

"இது எங்க லிமிட் இல்ல" என்பது அடிக்கடி கேட்கும் பதில். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவலைப் பதிவு செய்து, பிறகு உரிய ஸ்டேஷனுக்கு மாற்ற வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 173(1) சொல்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். அவசரம் என்றால் இதை வலியுறுத்துங்கள். அவசரம் இல்லாமல் உரிய ஸ்டேஷன் இரண்டு கிலோமீட்டரில்தான் என்றால் அங்கேயே போய்விடுவது புத்திசாலித்தனம். தாள் கைமாறும் வாரங்கள் மிச்சம்.

4. உள்ளே போனதும்

காலை பத்து, பதினொரு மணிக்குப் போவது நல்லது. எஸ்.ஐ., இன்ஸ்பெக்டர் இருக்க வாய்ப்பு அதிகம். பந்தோபஸ்து இருக்கும் நாளில், அதாவது திருவிழா, வி.ஐ.பி. வருகை அன்று, அவசரம் இல்லாத புகாரோடு போகாதீர்கள்.

பாராவில் இருப்பவரிடம் "புகார் கொடுக்க வந்திருக்கேன் சார்" என்று ஒரே வரி. கதை வேண்டாம். அங்கே சொன்னதையே வரவேற்பில், அப்புறம் ரைட்டரிடம், அப்புறம் எஸ்.ஐ.யிடம் சொல்ல வேண்டியிருக்கும். நான்கு முறையில் நான்கு விதமாகச் சொல்லிவிடுவீர்கள். மனுவை நீட்டுங்கள். மனுவில் இருப்பதையே பேசுங்கள்.

"சார்", "மேடம்" போதும். கெஞ்சவும் வேண்டாம், "நான் யார் தெரியுமா" என்றும் வேண்டாம். செல்போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டு நுழைவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. அதன்பின் அன்றைய பேச்சு முழுக்க உங்கள் போனைப் பற்றியதாகிவிடும்.

மனுவை வாங்கிய அதிகாரியின் பெயர், பதவி, நேரம் மூன்றையும் வெளியே வந்ததும் உங்கள் பிரதியின் பின்பக்கம் எழுதிவையுங்கள். பெயர் சட்டையிலேயே இருக்கும்.

5. சி.எஸ்.ஆர். வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மனு கொடுத்ததும் ஒரு ரசீது தருவார்கள். அதில் ஒரு எண், தேதி, விசாரணை அதிகாரி பெயர் இருக்கும். அது சி.எஸ்.ஆர். உங்கள் மனு ஸ்டேஷன் பதிவேட்டில் ஏறியிருக்கிறது என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. வழக்கு இன்னும் பிறக்கவில்லை. "கேஸ் போட்டாச்சு" என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போய், ஆறு மாதம் கழித்துத்தான் அது சி.எஸ்.ஆர். என்று தெரிந்துகொண்டவர்கள் உண்டு.

எஃப்.ஐ.ஆர். என்பதில் "குற்ற எண்" இருக்கும், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று இருக்கும். அதன் பிரதி நீதிமன்றத்துக்குப் போகும். அப்புறம்தான் போலீசுக்கே அதை இஷ்டத்துக்கு மூடிவைக்க முடியாத நிலை வரும். எஃப்.ஐ.ஆர். போடத் தயங்குவதற்கும் அதுதான் காரணம். அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும், 173(2). பாலியல் குற்றம் போன்ற சில வகைகள் தவிர மற்றவற்றைக் காவல்துறைத் தளத்திலும் பார்க்கலாம்.

வாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்று மனுவிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடும்பத் தகராறு, வியாபாரக் கொடுக்கல் வாங்கல் போன்ற சிலவற்றில் முதலில் விசாரித்துப் பார்க்க இடம் உண்டு. புதிய சட்டத்தில், மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்யலாம், 173(3). ஆக, "விசாரிச்சுட்டுச் சொல்றோம்" என்றால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "சி.எஸ்.ஆர். குடுத்துடுங்க சார், நான் எந்தத் தேதிக்கு வரணும்?"

ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். நான் முதன்முதலில் ஒரு ஸ்டேஷனில் என் சொந்தப் புகாரைக் கொடுத்தபோது, "நாளைக்கு வந்து வாங்கிக்கோங்க" என்றார்கள். நாளை இரண்டு மாதமானது. புது இன்ஸ்பெக்டர் வந்தார், "எந்த மனு?" என்றார். என்னிடம் பிரதிகூட இல்லை. மனு எழுதிக் கொடுக்கும் வேலை எனக்கு அப்படித்தான் தொற்றிக்கொண்டது.

வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத குற்றம் என்றால் பதிவேட்டில் எழுதிக்கொண்டு நீதிமன்றத்தை அணுகச் சொல்வார்கள். அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

6. "பேசி முடிச்சுக்கலாம்" என்றால்

சில விஷயங்களைப் பேசி முடிப்பது நல்லதுதான். சுவர் ஓரத் தகராறுக்கு பத்து வருடம் கோர்ட்டுக்கு நடப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஸ்டேஷனில் உட்கார்ந்து கடன் வசூல் செய்வதும் நிலத்தைப் பிரித்துக் கொடுப்பதும் போலீஸ் வேலை அல்ல. உங்களுக்குச் சாதகமாக நடந்தாலும் அது கட்டப்பஞ்சாயத்துதான்.

சமாதானம் என்றால் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை" என்ற வரி இருந்தால், பணம் கைக்கு வந்த பிறகே கையெழுத்து. எங்கள் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர், பாதிப் பணத்தை அடுத்த வாரம் தருவதாகச் சொன்னதை நம்பி அந்த வரிக்குக் கீழே கையெழுத்திட்டார். அடுத்த வாரம் வரவே இல்லை. வெற்றுத் தாளில் கையெழுத்து எந்தக் காரணத்துக்கும் கிடையாது.

"இது சிவில் மேட்டர்" என்பார்கள். பாதி நேரம் அது உண்மை. கடனைத் திருப்பித் தராதது சிவில். போலி ஆவணம் காட்டிப் பணம் வாங்கியது குற்றம். உங்கள் மனுவில் அந்த இரண்டாவது பகுதி தெளிவாக இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

7. வாங்க மறுத்தால்

அங்கேயே சத்தம் போட்டுப் பயனில்லை. அரசு ஊழியரைத் தடுத்ததாக உங்கள் மேலேயே ஒரு வழக்கு வரலாம். வெளியே வந்து வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில் அதே மனுவை அதே இன்ஸ்பெக்டருக்கு ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். பிறகு, ஸ்டேஷனுக்குப் போன தேதியையும் வாங்க மறுத்ததையும் இரண்டு வரியில் சேர்த்து, மாவட்ட எஸ்.பி.க்கு (மாநகரம் என்றால் கமிஷனருக்கு) அனுப்புங்கள். இது 173(4) சொல்லும் வழி. தபால் ரசீது, ஒப்புகை இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுக்க வேண்டும் என்றால் எஸ்.பி. அலுவலகத்தின் மனு நாளில் போகலாம், பல மாவட்டங்களில் புதன்கிழமை. அங்கேயும் ரசீது கேளுங்கள்.

அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். 175(3)-இன் கீழ், பிரமாண வாக்குமூலத்தோடு மனு போட்டால், விசாரிக்கும்படி போலீசுக்கு உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. பலர் எஸ்.பி.யைத் தாண்டிக் குதித்து நேராகக் கோர்ட்டுக்குப் போய்த் திரும்பி வருகிறார்கள். முந்தைய இரண்டு படிகளின் தபால் ரசீதுதான் அங்கே முதலில் கேட்கப்படும்.

முதல்வரின் உதவி எண் 1100-இல் சொல்லலாம். ஆனால் அந்த மனு சுற்றிக்கொண்டு பெரும்பாலும் அதே ஸ்டேஷனுக்குத்தான் வரும். கூடுதலாக ஒரு பதிவு என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். வக்கீலுக்கு வசதியில்லை என்றால் நீதிமன்ற வளாகத்திலேயே உள்ள சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் இலவசமாகக் கேட்கலாம், உதவி எண் 15100.

8. உங்களையே கூப்பிட்டால்

"ஸ்டேஷனுக்கு ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க" என்று போன் வரும். பதறாமல் கேளுங்கள்: யார் பேசுவது, எந்த ஸ்டேஷன், என்ன மனு, சாட்சியாகவா எதிர்மனுதாரராகவா. எழுத்தில் சம்மன் அனுப்பச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. 15 வயதுக்குட்பட்ட, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும், எந்த வயதுப் பெண்ணையும், மாற்றுத்திறனாளிகளையும் சாட்சி விசாரணைக்கு அவர்கள் வீட்டைத் தவிர வேறிடத்துக்கு வரச் சொல்லி வற்புறுத்தக் கூடாது, 179ஆம் பிரிவு. இது தெரியாமல் பாட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

குற்றம்சாட்டப்பட்டவராக, விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் 35(3) நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போங்கள். போனால், தனியாகக் காரணம் எழுதாமல் கைது செய்ய முடியாது. போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும். இந்த நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வீடியோ காலில் "கைது" செய்து பணம் கேட்டால் அது போலீசே அல்ல, போனை வைத்துவிட்டு 1930-க்கு அழையுங்கள்.

விசாரணையில் நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்த வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்தை வாங்கக் கூடாது, 181ஆம் பிரிவு. போனை எடுத்துக்கொண்டால் எடுத்ததற்கு எழுத்தில் ஒப்புதல் கேளுங்கள். போகும்போது வீட்டில் ஒருவரிடம் எந்த ஸ்டேஷன், எத்தனை மணி என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

9. வீட்டில் ஒருவரைக் கூட்டிப் போய்விட்டால்

முதல் வேலை, எந்த ஸ்டேஷன் என்று கண்டுபிடிப்பது. கைதானவர்கள் விவரத்தைச் சொல்ல ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு அதிகாரி நியமிக்கப்பட்டிருக்க வேண்டும், 37ஆம் பிரிவு. "இங்க யாரும் இல்ல" என்றால் உடனே எஸ்.பி. அலுவலகத்துக்கு மின்னஞ்சலும் தந்தியைப் போலச் சுருக்கமான ஒரு கடிதமும் அனுப்புங்கள்: பெயர், கூட்டிப் போன நேரம், வண்டி எண். அந்த மின்னஞ்சலின் நேரம் பின்னால் மிக முக்கியமான சாட்சி. எத்தனை மணிக்குக் கைது என்பதில்தான் எல்லாத் தகராறும் வரும், ஏனென்றால் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

கைதுக் குறிப்பாணையில் குடும்பத்தினர் அல்லது ஊர்க்காரர் ஒருவரின் சாட்சிக் கையெழுத்து வேண்டும். கைதுக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க உரிமை உண்டு, முழு நேரமும் பக்கத்தில் உட்கார முடியாது. பெண்களைச் சூரிய அஸ்தமனத்துக்குப் பின் விடியும்வரை, மாஜிஸ்திரேட் அனுமதி பெற்ற விதிவிலக்கான சூழல் தவிர, கைது செய்யக் கூடாது.

ரிமாண்டுக்கு (நீதிமன்றக் காவலுக்கு) முன் டாக்டர் பார்ப்பார். மாஜிஸ்திரேட்டும் "போலீஸ் அடிச்சாங்களா?" என்று கேட்பார். பக்கத்தில் அதே போலீஸ்காரர் நிற்க, பெரும்பாலானவர்கள் "இல்லை" என்றுதான் சொல்கிறார்கள். அந்த ஒரு சொல் ரிமாண்டு உத்தரவில் ஏறிவிடும். வக்கீல் மூலமாக முன்பே சொல்லிவையுங்கள்: காயம் இருந்தால் சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், பதியச் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள்.

அப்புறம் சிசிடிவி. ஸ்டேஷனின் வாசல், லாக்கப், வராந்தா, எஸ்.ஐ. அறை எல்லாவற்றிலும் கேமரா இருக்க வேண்டும், பதிவை 18 மாதம், வசதி இல்லாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூனில், சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் இறந்த பிறகு மாஜிஸ்திரேட் அந்த ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தபோது, இடம் இருந்தும் பதிவு தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. அதனால் இதில் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். "இன்ன தேதி, இன்ன மணி முதல் இன்ன மணி வரையிலான பதிவைப் பாதுகாத்து வைக்கவும்" என்று எஸ்.பி.க்கு அன்றே மின்னஞ்சல், மறுநாள் தபால், கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம், சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும்.